கல்லூரியில் இசை படிக்கும் மகளுக்குத் தனியாக ஒரு குருவும் வேண்டுமா?

குலசேகரம்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இசை தெரியாது, ரப்பர் பால்வெட்டுதான் தொழில். மகள் இந்த வருடம் ஓர் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். வெளியூர் என்பதால் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவாள், ஞாயிறு மாலை திரும்பிவிடுவாள்.

பள்ளியில் படிக்கும்போது போட்டிகளில் பாடிப் பரிசு வாங்கியவள். ஆனால் எல்லாம் கேட்டுப் பாடியதுதான், முறையாகப் படித்ததில்லை. சரளி வரிசை என்ற முதல் பாடத்தின் பெயரையே கல்லூரியில்தான் முதலில் கேட்டாளாம். வகுப்பில் 18 பேர். அதில் பாதிப் பேர் ஏழெட்டு வயதிலேயே குருவிடம் உட்கார்ந்தவர்கள், அடிப்படைப் பாடங்களைத் தாண்டி வர்ணம் வரை பாடுகிறார்கள். இவள் தினமும் போனில் "அப்பா, எல்லாரும் சேர்ந்து பாடும்போது நானும் பாடுகிறேன். தனியாகப் பாடச் சொன்னால் நின்றுவிடுகிறேன்" என்கிறாள்.

சனிக்கிழமைகளில் ஊர்ப் பக்கத்தில் தனியாக ஒரு டீச்சரிடம் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். ஒரு வகுப்புக்கு 400 ரூபாய் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் எனக்கு வேலை பாதி நாள்தான். கொடுக்கத் தயங்கவில்லை, கொடுத்தால் பலன் இருக்குமா என்றுதான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி_வீணை

அண்ணாச்சி, நான் வீணையில் பட்டம் முடித்து, பத்து வருடமாக வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. 18 பேர் ஒன்றாகப் பாடும்போது ஒரு குழந்தையின் தவறு மற்ற 17 குரலுக்குள் ஒளிந்துகொள்ளும். அவளுக்கே அது கேட்காது.

மாயாமாளவகௌளை ராகத்தில்தான் சரளி வரிசை தொடங்கும். அதில் ஸ-வுக்கும் ரி-க்கும் இடையில் மிகச் சின்ன இடைவெளி, ரி-யிலிருந்து க-வுக்குப் பெரிய தாவல், க-வுக்கும் ம-வுக்கும் மறுபடி சின்ன இடைவெளி. கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு ரிஷபம் (ரி) கொஞ்சம் மேலே ஏறிவிடும், காந்தாரம் (க) கொஞ்சம் கீழே உட்கார்ந்துவிடும். இதைத் தனியாக உட்கார்த்திவைத்துத் தம்புராவோடு பாடவைத்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். அவளே வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஸ ரி க ம-வில் உள்ள இடைவெளிகளேதான் ப த நி ஸ்-ஸிலும் வரும். கீழே பாடிவிட்டு மேலே பாடினால் இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ பிசகியிருக்கிறது.

ஆகவே தனி வகுப்பு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கல்லூரியில் அவளுக்குப் பாட்டு எடுக்கும் ஆசிரியரிடம் அவளே போய், "வெளியில் ஒருவரிடம் அடிப்படைப் பாடம் போகலாமா" என்று கேட்கட்டும். மறைத்துச் செய்தால் பிறகு தொல்லை.

திருவட்டாறு_மிருதங்கம்

டீச்சர் சொன்னது ஸ்வரத்துக்குச் சரி. தாளத்துக்கு 400 ரூபாய் செலவழிக்க வேண்டாம் அண்ணே.

கல்லூரியில் மிருதங்கம் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். முதல் பாடமான தா தீ தொம் நம் தாண்டி, ஆதி தாளத்துக்குப் பாடங்கள் வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள். அவர்களுக்குப் பாட ஆள் வேண்டும், உங்கள் மகளுக்கு வாசிக்க ஆள் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மாலை அரை மணி நேரம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். சரளி, அதற்கடுத்த ஜண்டை, அலங்காரம் என்ற பாடங்களை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் பாடட்டும். பக்கத்தில் இன்னொருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்றாலே பாதியில் நிற்கும் பழக்கம் போய்விடும். நான் அப்படித்தான் கற்றேன். என்னோடு பாடிய பெண் இப்போது பள்ளியில் இசை ஆசிரியை.

மழைக்காலத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் உண்டு என்பதால் இந்த அவஸ்தை எங்களுக்கு இரட்டிப்பு. அந்த நாட்களில் பாடுகிற பிள்ளை மிருதங்கத்தின் சுருதியைத் தேடிப் போகக் கூடாது, தம்புராவை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மார்த்தாண்டம்_ஆல்டோ

அங்கிள், நான் கர்னாடக இசை படித்தவள் இல்லை. சர்ச் கொயரில் 15 வருடமாகப் பாடுகிறேன், டிரினிட்டி என்ற மேற்கத்திய இசைத் தேர்வுகள் எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும். உங்கள் மகள் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுகிறாள்? பாடி முடித்ததும் தொண்டை வலிக்கிறதா?

கொயரில் சேரும்போதே ஒவ்வொருவர் குரலையும் கேட்டு மேல் குரலிலிருந்து கீழ்க் குரல் வரை சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று பிரித்துவிடுவார்கள். என்னைப் போய் யாரும் சொப்ரானோ பாடச் சொல்ல மாட்டார்கள். பொதுவகுப்பில் அப்படிப் பிரிக்க வழியில்லையே, எல்லாப் பெண்களும் ஒரே சுருதியில்தானே பாட வேண்டும்? அங்கே அடிபடும் குரல் உண்டா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

குலசேகரம்_அப்பா

அம்மா, நீங்கள் கேட்ட பிறகுதான் அவளிடம் விசாரித்தேன். வகுப்பில் பெண்கள் எல்லாருக்கும் ஐந்தரைக் கட்டையாம். வியாழக்கிழமைக்குள் குரல் கம்மிவிடும் என்கிறாள். எங்களிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவோமோ என்று பயந்து இத்தனை நாள் சொல்லவே இல்லை. கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது குரல் சரியாகிவிடுவதால் எங்களுக்கும் தெரியவில்லை.

வடசேரி_வீணை

அண்ணாச்சி, இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், சரளி வரிசையெல்லாம் அப்புறம். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மார்த்தாண்டம் தங்கை சரியாகக் கேட்டுவிட்டார்.

பெண்களுக்குப் பொதுவாக ஐந்து கட்டையை ஒட்டி வரும் என்பார்கள். அது பொது வழக்குதானே தவிர, எல்லாத் தொண்டைக்கும் பொருந்தாது. மந்திர ஸ்தாயி (கீழ்) பஞ்சமத்திலிருந்து தார ஸ்தாயி (மேல்) பஞ்சமம் வரை, கழுத்து நரம்பு புடைக்காமல் எந்தச் சுருதியில் போய்வர முடிகிறதோ அதுதான் அவள் சுருதி. நாலரையோ நாலோ ஆக இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. தன் சுருதி தெரியாத பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் (பயிற்சி) செய்தாலும் வலிதான் மிஞ்சும். முதல் வருடப் பிள்ளைக்குத் தனி வகுப்பு எதற்கு என்றால், நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

மார்த்தாண்டம்_ஆல்டோ

அங்கிள், கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாரக் கடைசியில் தெளிகிறது என்றால் பெரும்பாலும் ஓய்வு கேட்கிற தொண்டைதான், ஆனாலும் ஒருமுறை காட்டுவது நல்லது. கம்மியிருக்கும்போது ரகசியம் பேசுவது போலக் கிசுகிசுக்கவும் வேண்டாம், அதுவும் தொண்டைக்குச் சிரமம். பேசாமல் இருக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும்.

பறக்கை_ரசிகன்

நான் வித்வான் இல்லை, ஐம்பது வருடமாகக் கச்சேரி கேட்பவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளை, வெளியில் இன்னொரு முறை பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்ற நிலை வரக் கூடாது. ஏற்கெனவே கற்ற பிள்ளைகளை மேலே ஏற்றுவது மட்டும் கல்லூரியின் வேலை இல்லை. தொடக்கத்தில் இருப்பவளையும் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். குலசேகரம் தம்பி வீட்டில் ஒரு நாள் மழை பெய்தால் ஒரு நாள் கூலி போகிறது. அவரிடம் போய் "400 ரூபாய் கொடுங்கள்" என்று நாம் இத்தனை சுலபமாகச் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

கேள்வி ஞானத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. நம் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் (1839–1900) பஜனைகளில் தமிழில் பாடிப் பாடியே கீர்த்தனைகள் தந்தவர். பின்னாளில் பெரிய கீர்த்தனாசிரியரான பாபநாசம் சிவன் இளம் வயதில் திருவனந்தபுரத்தில் இருந்தபோது அவரது பஜனைகளால்தான் ஈர்க்கப்பட்டார். அங்கே கட்டணம் எதுவும் கிடையாது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறதே, அங்கே மண்டபத்தில் ஒன்பது நாளும் மாலைக் கச்சேரி நடக்கும். அந்தப் பிள்ளையை ஒரு நாளாவது அழைத்துப்போய் உட்காரவையுங்கள்.

வடசேரி_வீணை

பெரியவர் சொன்னதில் பணத்தைப் பற்றிய பகுதியை நான் முழுக்க ஏற்கிறேன். என் மாணவர்களில் மூன்று பேரிடம் நான் எதுவும் வாங்குவதில்லை. குலசேகரத்துக்கு நான் தூரம், இல்லையென்றால் நானே கூப்பிட்டிருப்பேன்.

ஆனால் கேள்வி ஞானம் இந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது சார். போட்டியில் பரிசு வாங்கியது அதை வைத்துத்தான். இப்போது அவளுக்கு இல்லாதது, அவள் பாடுவதைப் பக்கத்தில் இருந்து கேட்கும் ஒரு காது. பஜனையில் பெரியவர் அருகில் உட்கார்ந்து பாடியவர்களுக்கு அது கிடைத்தது, பிசகினால் அந்த இடத்திலேயே அவர்களுக்கு உறைத்திருக்கும். போனில் கச்சேரி கேட்கும் பிள்ளைக்கு, பாடியவர் திருப்பிக் காது கொடுக்க மாட்டாரே.

தோவாளை_வயலின்

இந்த இழையைப் படித்ததும் என் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்து வயதிலிருந்து சர்ச்சில் வயலின் வாசித்தவன். நின்றுகொண்டு, தாடைக்கடியில் வயலினை வைத்து, ஐந்து கோட்டு நொட்டேஷன் பார்த்து வாசிப்பது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கர்னாடக வயலின் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது காலில் ஊன்றி வாசிக்க வேண்டும். ஜி-டி-ஏ-இ என்று இருந்த தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக் கூட்ட வேண்டும். எனக்கு ஒரு ஸ்வரத்துக்கு ஒரு விரல் என்று பழக்கம், இங்கே ஒரே விரல் வழுக்கிக்கொண்டே போய் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, தர வேண்டும். தெரிந்த வாத்தியமே கையில் புதிதாகிப் போனது.

நம் பழைய திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில்தான் இந்த வாத்தியத்துக்குப் பெரிய மரியாதை கிடைத்தது என்று பிறகு படித்தேன். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தது 1834-இல். அதற்கு முன்பே, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இதைக் கர்னாடக இசைக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர்களும் என்னைப் போலவே மேற்கத்திய வாசிப்பிலிருந்து இங்கே விரலைத் திருப்பியிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்தங்குகிறேன் என்று சனிக்கிழமை ஒரு பெரியவரிடம் தனிப்பாடம் சேர்ந்தேன். கல்லூரியில் சொல்லவில்லை. பெரியவர் முதல் இரண்டு விரலை வைத்தே நீளமாக வழுக்கி வாசிக்கச் சொன்னார். கல்லூரியில் நான்கு விரலையும் பயன்படுத்தச் சொன்னார்கள். இரண்டும் நல்ல வழிதான், இரண்டு பேரும் பெரிய வித்வான்கள்தான். நான் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு விரல், சனிக்கிழமை வேறு விரல் என்று ஒரு வருடம் ஓட்டினேன். வருடக் கடைசித் தேர்வில் மூன்றாம் காலத்தில் அலங்காரம் வாசிக்கும்போது எந்த விரல் எங்கே போக வேண்டும் என்று கைக்கே தெரியாமல் நின்றுவிட்டது. வில் தந்திமேல் இருக்கிறது, சத்தம் இல்லை. அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன்.

தேர்வு முடிந்து கல்லூரி ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவர் நம்பரைக் கொடு" என்றார். இருவரும் போனில் பத்து நிமிடம் பேசினார்கள். முதல் இரண்டு வருடம் கல்லூரி விரல்முறை மட்டும், பெரியவரிடம் ராகமும் கீர்த்தனையும் வாய்ப்பாட்டாக மட்டும், கையை அவர் தொட மாட்டார் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். ஒரே நோட்டு. இந்த வாரம் என்ன பாடம், எதில் தடுமாறினேன், என்ன சொன்னார்கள் என்று இரண்டு பேரும் அதில்தான் எழுதினார்கள். சனிக்கிழமை பெரியவர் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்.

பாட்டிலும் பாடாந்தரம், அதாவது ஒவ்வொரு குருவழியிலும் வரும் பாடும் முறை, என்பது இதேதான். ஒரே கீர்த்தனையில் ஒருவரிடம் மூன்று சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகை), இன்னொருவரிடம் ஐந்து சங்கதி இருக்கும். தொடக்கத்தில் இருக்கும் பிள்ளை இரண்டையும் கலந்தால் எதுவும் நிற்காது. அண்ணே, மகள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.

மிச்சிகன்_நாகர்கோவில்

தோவாளைத் தம்பியின் பதிவைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். விருப்பப் பாடமாகத் தொடக்கநிலை பியானோ எடுத்தான். வாரத்துக்கு அரை மணி நேரம், ஆசிரியரும் அவனும் மட்டும். தனிக் கட்டணம் உண்டு, ஆனால் அது பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, மதிப்பெண்ணும் அதற்கு உண்டு. தினமும் இத்தனை நேரம் பயிற்சி செய்ய வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இசையையே முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் பருவக் கடைசியில் சில ஆசிரியர்கள் முன்னால் வாசித்துக் காட்டுவார்கள், அதை ஜூரி என்கிறார்கள்.

தனிப்பாடமும் கல்லூரியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் இரண்டு குருவுக்கு நடுவில் பிள்ளை இழுபடுவதில்லை. நம் ஊர் இசைக் கல்லூரிகளிலும் முதல் வருடத்துக்கு மட்டுமாவது ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் 15 நிமிடம் தனியாக ஒதுக்கினால் எத்தனையோ அப்பாக்களுக்கு இந்தக் கேள்வியே வராது. பெரியவரின் ஆதங்கமும் அதுதானே.

பறக்கை_ரசிகன்

ஆமாம், அதுதான். அந்த 15 நிமிடத்தை அந்தப் பிள்ளை கேட்டுப் பார்க்கலாமே? மதிய உணவு இடைவேளையில் போய் நின்று கேட்டால் எந்த ஆசிரியருக்கும் "போ" என்று சொல்ல மனம் வராது.

குளச்சல்_கீபோர்டு

ஆன்லைன் வகுப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. பஸ் செலவு மிச்சம் என்று பலர் போகிறார்கள். சத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், அதனால் குருவும் பிள்ளையும் ஒன்றாகப் பாடவே முடியாது, ஒருவர் பாடி மற்றவர் திருப்பிப் பாட மட்டும்தான் முடியும். அதோடு செயலி தம்புரா ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கப் பிள்ளைக்கு நேரில்தான் நல்லது. ஊருக்கு வர முடியாத வாரத்தில் மட்டும் ஆன்லைன் போதும்.

குலசேகரம்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு வாரம் பாடாமல் ஓய்வு என்றார். மற்றதை மகளே எழுதுகிறேன் என்கிறாள்.

*அப்பாவின் கணக்கிலிருந்து நான் எழுதுகிறேன். எல்லா அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் தாத்தாவுக்கும் வணக்கம்.*

*தாத்தா சொன்னதுபோல மதிய இடைவேளையில் டீச்சரிடம் போனேன். கை நடுங்கியது. ஐந்தரையில் வலிக்கிறது என்று சொன்னதும், "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை" என்று கேட்டு, அங்கேயே தம்புரா போட்டு ஒவ்வொரு கட்டையாக இறக்கிப் பாடச் சொன்னார்கள். நாலரையில் தார பஞ்சமம் வலிக்காமல் வந்தது. எனக்கே அது என் குரல்தானா என்று இருந்தது. பொதுவகுப்பில் மேலே போகும் இடங்களில் வாயசைத்துக் கேட்டுக்கொண்டால் போதும், தனியாகப் பாடும்போது நாலரை என்று சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் 15 நிமிடம் எனக்காக வைத்திருக்கிறார்கள்.*

*சனிக்கிழமை டீச்சரிடமும் போகிறேன். மாதம் இரண்டு வகுப்பு போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கல்லூரிப் பாடத்தைத் தவிர வேறு எதுவும் எடுப்பதில்லை. ஒரே நோட்டுதான். மிருதங்கம் படிக்கும் இரண்டு பேரோடு புதன், வெள்ளி மாலை உட்காருகிறோம். என் ரிஷபம் மேலே ஏறுவது உண்மைதான் அக்கா, ப த நி ஸ் பாடிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.*

*விடுதியில் போனில்தான் தம்புரா போடுகிறேன், போன் வந்தால் நின்றுவிடுகிறது.*

திருவட்டாறு_மிருதங்கம்

மக்களே, என்னிடம் பழைய எலக்ட்ரானிக் தம்புரா ஒன்று சும்மா இருக்கிறது. ஒரு பட்டன் மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றபடி நல்ல நாதம். நாலரை வரும், சரிபார்த்துவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருவட்டாறு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், அப்பாவை அனுப்பி வையுங்கள். படிப்பு முடிந்ததும் அடுத்த முதல் வருடப் பிள்ளைக்குக் கொடுத்துவிடு.

குலசேகரம்_அப்பா

வாங்கிக்கொண்டேன் தம்பி. மத்தியானத்திலிருந்து வீட்டில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் ஜண்டை வரிசையாம்.